தேர் வராத மெடியா: நேஷனல் தியேட்டர் பதிவு பற்றி

பார்க்கலாமா வேண்டாமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்கலாம். மெடியாவாக நடிக்கும் ஹெலன் மெக்ரோரி ஒருவருக்காகவே பார்க்கலாம், கொடுத்த காசு அவர் மேடைக்கு வந்த முதல் பத்து நிமிஷத்திலேயே வசூலாகிவிடும். ஆனால் பழைய கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடிஸ் எழுதிய ‘மெடியா’வில் எனக்கு எது பெரிய விஷயமோ அதைக் கடைசிப் பத்து நிமிஷத்தில் இவர்கள் கழற்றி வைத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

லண்டன் நேஷனல் தியேட்டரின் ஒலிவியே அரங்கில் 2014 இல் நடந்த தயாரிப்பு இது. அந்த வருடம் செப்டம்பரில் சினிமா தியேட்டர்களுக்கு நேரடியாக ஒளிபரப்பினார்கள், அப்போது எடுத்த பதிவைத்தான் பிறகு அவர்களுடைய ‘நேஷனல் தியேட்டர் அட் ஹோம்’ என்ற இணையச் சேவையில் வைத்தார்கள். இயக்கம் கேரி கிராக்னெல். ஆங்கில வடிவம் பென் பவர். இசை வில் கிரிகரியும் அலிசன் கோல்ட்ஃப்ராப்பும். சுமார் ஒன்றரை மணி நேரம், இடைவேளை இல்லை, அதனால் தண்ணீர், டீ எல்லாம் முன்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கருங்கடலின் அந்தக் கோடியில் இருக்கும் கொல்கிஸுக்குத் தங்கக் கம்பளித் தோலைத் தேடிப் போகிறான் ஜேசன். அந்த ஊர் ராஜா மகள் மெடியா அவன் மேல் ஆசைப்பட்டு, அப்பாவைக் காட்டிக்கொடுத்து, கூடப்பிறந்த தம்பியையே கொன்றுவிட்டு அவனோடு கிரேக்கத்துக்கு வந்துவிடுகிறாள். இரண்டு பிள்ளைகள். பிழைக்க வந்த கொரிந்துவில் ராஜா கிரியோனின் மகளைக் கட்டிக்கொள்ள ஜேசன் முடிவு செய்கிறான். மெடியாவை நாட்டைவிட்டுப் போகச் சொல்கிறான் கிரியோன், ஒரு நாள் மட்டும் அவகாசம் கொடுக்கிறான். அந்த ஒரு நாளில் விஷம் தோய்த்த உடையையும் கிரீடத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பி மணப்பெண்ணைக் கொல்கிறாள், மகளைக் கட்டிப்பிடித்த கிரியோனும் அதே விஷத்தில் சாகிறான், கடைசியில் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரையும் தன் கையாலேயே கொன்றுவிடுகிறாள்.

இந்தக் கதையைக் கேட்டவுடன் ‘வஞ்சிக்கப்பட்ட மனைவி பைத்தியமாகி என்னென்னவோ செய்துவிட்டாள்’ என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். யூரிபிடிஸின் மெடியாவுக்குப் பைத்தியம் துளிகூட இல்லை. அவள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால் அவர் காலத்து இன்னொரு நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் அஜாக்ஸ் பேசுவதுபோல இருக்கும். ட்ராய் போரில் செத்துப்போன வீரன் அகிலிஸின் ஆயுதங்கள் தனக்கு வரவேண்டியவை, அதை ஒடிசியஸுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காகப் படைத்தலைவர்கள் எல்லோரையும் வெட்டக் கிளம்பியவன் அஜாக்ஸ். அதீனா அவன் புத்தியைக் கலக்கிவிட ஆடுமாடுகளை வெட்டிப் போடுகிறான். தெளிந்ததும் அவனைத் தின்பது ஒரே எண்ணம்தான்: எதிரிகள் சிரிப்பார்களே. மெடியாவும் நாடகம் முழுக்க இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். மாட்டிக்கொண்டால் எதிரிகள் சிரிப்பார்கள், விட்டுவிட்டுப் போனால் எதிரிகள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது. ஓரிடத்தில் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறாள்: என்னை யாரும் பலவீனமானவள், சாது என்று நினைக்க வேண்டாம், எதிரிக்குக் கொடியவள், நண்பர்களுக்கு நல்லவள், இப்படி வாழ்கிறவர்களுக்குத்தான் புகழ். நண்பனுக்கு உதவு, பகைவனை அழி என்பது கிரேக்க ஆண்பிள்ளைத்தனத்தின் முதல் பாடம். அதை ஒரு பெண், அதுவும் வெளியூர்க்காரி, மனப்பாடமாக ஒப்பிக்கிறாள்.

இது அரங்கேறியது கி.மு. 431 இல், ஏதென்ஸ் நகரத்தின் டயோனிசஸ் விழாவில். போட்டியில் மூன்று பேர். மூத்த நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் மகன் யூஃபோரியனுக்கு முதலிடம், சோஃபோக்ளிஸுக்கு இரண்டாம் இடம், யூரிபிடிஸுக்குக் கடைசி இடம். நடித்தவர்கள் எல்லோரும் ஆண்கள், முகமூடி போட்டவர்கள். மெடியாவும் அவளுக்கு ஆறுதல் சொல்லும் கொரிந்துப் பெண்களான கோரஸும்கூட (சேர்ந்து பாடி ஆடும் குழு) ஸ்திரீ பார்ட் போட்ட ஆண்கள்தான். பார்க்க உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கேடயம் தூக்கி வரிசையில் நின்று பழகிய குடிமக்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து, பெண்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள், நாங்கள்தான் போருக்குப் போகிறோம் என்று இவர்கள் பீற்றிக்கொள்கிறார்களே, ஒரு தடவை பிள்ளை பெறுவதைவிட மூன்று தடவை போர்க்களத்தில் நிற்பேன் என்று மெடியா சொல்கிறாள். பெண்ணின் முகமூடிக்குப் பின்னாலிருந்து ஆண் குரல் ஆண்களைப் பார்த்துச் சொல்கிறது. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலொப்பொனேசியப் போர் தொடங்கியதும் அதே வருடம்தான். அந்தப் போரில் முதலில் செத்தவர்களுக்கு அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் தலைவர் பெரிக்கிளிஸ் இரங்கல் உரை நிகழ்த்தியபோது விதவைகளுக்குச் சொன்ன அறிவுரையை வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதி வைத்திருக்கிறார்: நல்லதோ கெட்டதோ, ஆண்கள் நடுவில் பேச்சே அடிபடாமல் இருப்பதுதான் பெண்ணுக்குப் பெருமை. சில மாதங்களுக்கு முன்பு அதே ஊர் மேடையில் கோரஸ் பாடியதோ நேர் எதிர். ஆறுகள் மேல்நோக்கி ஓடுகின்றன, இனி பெண்குலத்துக்கும் பெயர் வரும், பழைய பாட்டுகளெல்லாம் எங்கள் துரோகத்தையே பாடின, எங்களுக்கும் பாடத் தெரிந்திருந்தால் ஆண்களுக்குப் பதில் பாட்டு எழுதியிருப்போம் என்கிறார்கள்.

சரி, இந்தப் பதிவுக்கு வருகிறேன். மெக்ரோரி இந்த ஆண்பிள்ளைத்தனத்தை நன்றாகவே பிடித்திருக்கிறார். அழுக்குக் கால்சட்டையும் கையில்லாத பனியனுமாக, தோள் எலும்பு தெரிய, சண்டை போட்டு வந்த சிப்பாய் மாதிரிதான் அவருடைய மெடியா வருகிறாள். ஒப்பாரி வைக்கிற இடங்களில் கூட உடம்பு இளகுவதில்லை. கிரியோன் காலில் விழுந்து ஒரு நாள் கேட்கும் காட்சி இருக்கிறதே, அதில் அவர் கெஞ்சும்போது நமக்குப் பாவமாக இருக்கிறது, அவன் அந்தப் பக்கம் போனதும் முகம் மாறுகிறது பாருங்கள், அப்போது தெரிகிறது அது ஒரு பெண் வேஷம் என்று. ஆண்கள் பெண்ணிடம் என்ன எதிர்பார்க்கிறார்களோ அதை அவர்களுக்கே நடித்துக் காட்டி ஏமாற்றுகிறவள் இவள். ஜேசனிடம் பிறகு மன்னிப்புக் கேட்கும்போதும் அதே உத்திதான், பெண்புத்தி, கோபத்தில் பேசிவிட்டேன், நீங்கள் சொன்னதுதான் சரி என்று, அவனும் பெரிய மனசோடு மன்னித்துவிடுகிறான். முட்டாள்.

ஜேசனாக டேனி சபானி. நல்ல ஆகிருதி, கட்டுப்பட்ட குரல், கத்த வேண்டிய இடத்தில் கத்தாமல் விளக்கம் சொல்கிற ஆள். இது சரியான தேர்வு, ஏனென்றால் மூலத்திலும் ஜேசன் வாதம் செய்கிறவன்தான். உன்னால்தான் பிழைத்தேன் என்கிறாய், உண்மையில் என்னைக் காப்பாற்றியது காதல் தேவதை, உனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. காட்டுமிராண்டி தேசத்திலிருந்து சட்டம் இருக்கும் நாட்டுக்கு உன்னைக் கொண்டுவந்தேன், பெயர் கிடைத்தது, இன்னும் என்ன வேண்டும். ராஜா மகளைக் கட்டுவதே நம் பிள்ளைகளின் நன்மைக்குத்தான். இப்படிப் பட்டியல் போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் பிள்ளை பெற வேறு வழி இருந்திருக்க வேண்டும், பெண் என்ற இனமே இல்லாமலிருந்தால் மனிதனுக்குத் தொல்லையே இல்லை என்று முடிக்கிறான். (யூரிபிடிஸின் இன்னொரு நாடகத்தில் ஹிப்போலிடஸும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வான், கோயிலில் பொன்னோ வெண்கலமோ கொடுத்துப் பிள்ளை விதையை வாங்கிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று. அந்த ஊர் ஆண்களுக்கு இது ஒரு நிரந்தரக் கனவு போலிருக்கிறது.) தங்கத் தோல் கொண்டுவந்த வீரன் கணக்குப்பிள்ளையாகிவிட்டான். வீரனுக்குரிய மானம், சபதம், பழி எல்லாம் மனைவியின் கைக்குப் போய்விட்டன.

தாதியாக வருகிறவர் மிகேலா கோல். தொலைக்காட்சியில் பெயர் வாங்குவதற்கு முந்தைய கோல். முதல் பேச்சே இவருடையதுதான், நன்றாகத் தொடங்கி வைக்கிறார். டாம் ஸ்கட்டின் அரங்கமைப்பு கண்ணுக்கு விருந்து: கீழே களையிழந்த வீடு, மேலே கண்ணாடிக்குப் பின்னால் கல்யாண வீடு, பின்னால் காடு. கணவனின் இரண்டாம் கல்யாணம் தலைக்கு மேலே நடக்க, கீழே மெடியா நிற்பதைப் பார்த்தால் வசனமே தேவைப்படவில்லை. கோரஸின் ஆட்டம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. இழுப்பு வந்ததுபோல் கையையும் காலையும் வெட்டி வெட்டி ஆடுகிறார்கள், முதல் தடவை திகிலாக இருக்கிறது, மூன்றாவது தடவை எப்போது முடியும் என்றிருக்கிறது. இசை சில இடங்களில் பிரமாதம், சில இடங்களில் பேச்சை விழுங்குகிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், ஆங்கில சப்டைட்டிலையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏகியஸ் காட்சி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏதென்ஸ் ராஜா ஏகியஸ் வழியில் வந்து போவான். பிள்ளையில்லாத ராஜா, டெல்ஃபியில் குறி கேட்டுவிட்டுத் திரும்புகிறான், மெடியா மருந்து தருகிறேன் என்கிறாள், பதிலுக்கு அடைக்கலம் தருவதாகச் சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். அரிஸ்டாட்டில் இந்தக் காட்சியைக் காரணமில்லாமல் நுழைத்தது என்று குறை சொல்லியிருக்கிறார். பெரியவர் சொன்னால் சொல்லட்டும், நாடகத்தின் கீலே இங்கேதான் இருக்கிறது. பிள்ளை இல்லாத ஒரு ஆண், அதுவும் ராஜா, எப்படிக் கூனிப் போய் நிற்கிறான் என்பதை மெடியா கண்ணெதிரே பார்க்கிறாள். அவன் போனவுடன்தான் பிள்ளைகளைக் கொல்லும் திட்டத்தை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்கிறாள். ஒரு ஆணை உயிரோடு விட்டுவைத்து அவனுடைய ஆண்மையை மட்டும் எடுத்துவிடுவது எப்படி என்று அவளுக்கு அந்த நேரத்தில் தெரிந்துவிடுகிறது: வாரிசை அழி, இனி வாரிசு பெறக்கூடிய பெண்ணையும் அழி. ஏதென்ஸ்காரர்களுக்கு இதில் இன்னொரு குத்தும் உண்டு. அப்பா, அம்மா இரண்டு பேரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று பெரிக்கிளிஸ் கி.மு. 451 இல் சட்டம் கொண்டுவந்திருந்தார், அப்படிப்பட்ட ஊரின் ராஜா பிள்ளை வரம் கேட்டு ஒரு கொல்கிஸ்காரியிடம் சத்தியம் செய்து தருகிறான். இந்தப் பதிவில் டொமினிக் ரோவன் ஏகியஸாக வருகிறார், லேசான நகைச்சுவையோடு, கொஞ்சம் அசட்டு அரசியல்வாதி மாதிரி. சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தக் கூனல் தெரியவில்லை. இங்கேயே தயாரிப்பு லேசாகத் தடம் மாறுகிறது.

பிள்ளைகளைக் கொல்வதற்கு முன் மெடியா தன்னோடு தானே பேசும் பேச்சுதான் இந்த நாடகத்தின் சிகரம், அதில் மெக்ரோரியை விஞ்ச ஆளில்லை என்று தோன்றுகிறது. பிள்ளைகளின் கண்ணைப் பார்த்ததும் முடியாது, இவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்பாள். அடுத்த மூச்சில், எதிரிகளைத் தண்டிக்காமல் விட்டு அவர்கள் சிரிக்க நிற்பேனா, இந்த இளகல் என் கோழைத்தனம் என்பாள். மறுபடி இளகுவாள். மறுபடி இறுகுவாள். எழுத்தில் பார்த்தால் இது ஒரு தாயும் ஒரு போர்வீரனும் ஒரே உடம்புக்குள் மல்லுக்கட்டுவது, இதில் வீரன் ஜெயிக்கிறான், அதுதான் பயங்கரம். பெண்ணின் ‘வெறி’ இந்தப் பிள்ளைகளைக் கொல்லவில்லை. அந்த ஊர் ஆண்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மானக் கணக்குதான் கொன்றது. மெக்ரோரியோ பாதிவரை இப்படியே கொண்டுவந்து, பிறகு தாய் பக்கமே சாய்ந்துவிடுகிறார். உடைகிறார், நடுங்குகிறார். நமக்கும் தொண்டை அடைக்கிறது. இயக்குநர் கேட்டது அதுதான் என்று தெரிகிறது.

இனி முடிவு. எப்படி முடிகிறது என்று தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடுங்கள், ஆனால் 2400 வருஷத்துக்கு மேல் பழைய கதைக்கு ரகசியம் காப்பது கொஞ்சம் அதிகம்.

மூலத்தில் ஜேசன் கதவை உடைக்க ஆள் கூப்பிடுகிறான். கதவு திறக்கவில்லை. மெடியா மேலே தோன்றுகிறாள், தாத்தாவான சூரியன் அனுப்பிய தேரில், செத்த பிள்ளைகளோடு. கிரேக்க மேடையில் பாரந்தூக்கி வைத்து ஆளை உயரத்தில் காட்டுவது வழக்கம், பெரும்பாலும் தெய்வங்கள் வந்து தீர்ப்புச் சொல்லும் இடம் அது. அங்கே ஒரு கொலைகாரி நிற்கிறாள். பிள்ளைகளைத் தொடவாவது விடு என்று கீழேயிருந்து கெஞ்சுகிறான், விடமாட்டேன் என்கிறாள், ஹீரா தேவியின் கோயிலில் நானே புதைப்பேன், கொரிந்துவில் இதற்கு ஒரு சடங்கும் ஏற்படுத்துவேன் என்று தெய்வம் மாதிரியே ஆணையிடுகிறாள். அப்புறம் அவன் சாவையும் சொல்கிறாள்: உன் ஆர்கோ கப்பலின் கட்டையொன்று தலையில் விழுந்து சாவாய். கடல் தாண்டிப் புகழ் வாங்கிய வீரனுக்கு மக்கிப்போன சொந்தக் கப்பலின் பலகையடிச் சாவு. இதைவிடக் கேவலமாக ஒரு வீரனை அனுப்பி வைக்க முடியாது. கிரேக்கத் துன்பியலில் பெண்கள் பெரும்பாலும் கயிற்றில் சாகிறார்கள், யோகாஸ்டா, ஆண்டிகோனி, ஃபீட்ரா எல்லோரும் அப்படித்தான். வாளில் விழுந்து சாவது அஜாக்ஸ் போன்ற ஆணுக்கு உரியது. இவளோ வாளை எடுத்தாள், சாகவில்லை, பறந்துவிட்டாள். தண்டனையும் இல்லை. போகிற இடம் ஏதென்ஸ், அதாவது பார்த்துக்கொண்டிருக்கிறவர்களின் ஊர்.

இந்தத் தயாரிப்பில் தேர் கிடையாது. படுத்துத் தூங்கும் பைகளில் (ஸ்லீப்பிங் பேக்) இரண்டு சடலங்களையும் இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பாரத்தில் வளைந்து, மெடியா காட்டுக்குள் நடக்கிறாள். படமாக அது மறக்க முடியாதது, ஒத்துக்கொள்கிறேன். இன்றைய ஆளுக்குப் பறக்கும் தேரைக் காட்டினால் சிரிப்பார்களோ என்ற பயமும் புரிகிறது. ஆனால் பாரம் சுமக்கும் தாயாக அவளை மண்ணில் இறக்கியதும் கதை நமக்கு வசதியாகிவிடுகிறது, பாவம், நொந்துபோனவள், மனநோய், இப்படி ஒரு பெயர் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். யூரிபிடிஸ் அந்த வசதியைத் தரவில்லை. வீரத்துக்கும் பழிவாங்கலுக்கும் நீங்கள் கொடுக்கும் உச்சபட்ச மரியாதையை இதோ இவளுக்கும் கொடுத்துவிட்டேன், இப்போது சொல்லுங்கள் என்று அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டார். கடைசி இடம் கொடுத்ததில் ஆச்சரியமே இல்லை. தேரைக் காட்டினால் இன்றைக்கு எடுபடாது என்பதையும் நான் நம்பவில்லை. ஜப்பானில் நினகவா யுகியோ 1978 இல் மேடையேற்றிய மெடியாவில் ஹிரா மிகிஜிரோ என்ற ஆண் நடிகர்தான் மெடியா, கோரஸும் ஆண்களே, முடிவில் டிராகன் பூட்டிய தேரில் மேலே போகிறாள். அந்தத் தயாரிப்பு நாடு நாடாகப் போய்க் கைதட்டல் வாங்கியது.

என் கணக்கில் மெக்ரோரிக்கு ஐந்துக்கு ஐந்து, அரங்கமைப்புக்கு நான்கரை, கோரஸுக்கு இரண்டு, முடிவுக்கு ஒன்றரை. கூட்டிப் பார்த்து சராசரி போடாதீர்கள், அவரைப் பாருங்கள். 2021 ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார், இந்த மாதிரிப் பதிவுகள் இல்லையென்றால் மேடையில் அவர் செய்ததெல்லாம் லண்டனில் இருந்தவர்களோடு போயிருக்கும்.

சேவையைப் பற்றி. மாதச் சந்தாவாகவும் வாங்கலாம், ஒரு நாடகத்தை மட்டும் வாடகைக்கும் எடுக்கலாம். இது ஒன்றுக்காக மட்டும் என்றால் வாடகை போதும். நாடகங்கள் வரும், போகும், நாட்டுக்கு நாடு மாறவும் செய்யும், அதனால் மெடியா பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கார்டை எடுங்கள். மேடை அகலம் முழுவதும் சட்டகத்தில் வரும் காட்சிகள் நிறைய, ஃபோனில் பார்த்தால் மேலே நடக்கும் கல்யாணம் எறும்பு அளவுக்குத்தான் தெரியும், டிவியிலோ லேப்டாப்பிலோ போடுங்கள். கேமரா ஆட்கள் முகத்தை நெருங்கிக் காட்டுவதில் கெட்டிக்காரர்கள், முகமூடி போட்டு விளையாடிய நாடகத்துக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துக்கொண்டே பார்த்தேன், மெக்ரோரியின் முகம் என்பதால் புகார் இல்லை. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம். சமீபத்தில் குழந்தை பெற்றவர்களும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாருங்கள்.

படம் முடிந்ததும் தூங்கப் போகாமல், ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பை எடுத்து யூரிபிடிஸின் கடைசி நூறு வரிகளைப் படித்துவிடுங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது, பழைய மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேர் அங்கே இருக்கிறது.